புகைக் காகிதத்தில் லாரிக் கோடு

தம்பி,

ஜப்பான் என்ற பெயரைக் கேட்டுத்தான் அன்றைக்கு நான் சோற்றுத் தட்டை வீசினேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பக்கத்து வீட்டு அக்காவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய். "அம்மாவுக்கு அந்தக் காலத்துக் கோவம் இன்னும் போகல லா" என்று நீ சொன்னது பலகைச் சுவரைத் தாண்டி என் காதில் விழுந்தது. அந்தக் கோபம் போகவில்லை, போகவும் போகாது, அது வேறு கதை. படிக்கப் போகும் இடம் ஜப்பான் என்று நீ முன்னாலேயே சொல்லிவிட்டாய், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டேன். தட்டு பறந்தது அதற்கு அப்புறம். ஒரு கரண்டியை நூலில் கட்டி மேசையோரத்தில் தொங்கவிட்டு, "பாருங்கம்மா, மேச ஆடுனாலும் கரண்டி சட்டுனு ஆடாது. அந்தக் காலத்துல அது முனையில ஒரு ஊசிய வச்சு, கீழ கரி புடிச்ச காகிதத்த ஓட விடுவாங்க. பூமி எப்படி ஆடுதுன்னு ஊசி எழுதிரும்" என்று விளக்கினாய் பார், அப்போதுதான். இந்த மாதிரிக் கருவியை நிலாவில்கூடக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள், அது நடுங்குகிற நடுக்கத்தை வைத்தே உள்ளுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள் என்றாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நூலைப் பிடித்திருந்த உன் விரலைத்தான் பார்த்தேன். கையில் இருந்தது தட்டு, அதனால் தட்டு போனது. அரிவாள் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

உன் அப்பா ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பி வரவில்லை என்பது உனக்குத் தெரியும். எதனால் போனார் என்பது தெரியாது. நீயும் கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்றே உனக்குத் தோன்றியிருக்காது. நம்மோடு இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அப்பனோ அண்ணனோ அப்படிப் போனவர்கள்தானே. ஏர்போர்ட்டுக்கு வருவீங்களாம்மா, இல்ல நான் கோவத்தோடவே போகணுமா என்று நேற்றுக் கேட்டாய். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பதிலைத்தான் எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

கோலா சாவாப் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் பெரிய துரை ஒரு பூகம்பப் பைத்தியம். பங்களா இருந்த மேட்டில், பின்பக்கம் மண்ணைக் குடைந்து, தரைக்கும் சுவருக்கும் சிமெண்ட் பூசி ஒரு நிலவறை கட்டி வைத்திருந்தான். உள்ளே ஒரு ஆள் கனத்துக்கு ஈயக் கட்டி, கம்பியில் தொங்கும். அதிலிருந்து நீண்ட ஒரு குச்சி, குச்சி முனையில் முடி போல ஊசி, ஊசிக்குக் கீழே கடிகாரச் சாவி கொடுத்தால் மெல்லச் சுற்றும் ஒரு உருளை. உருளையில் சுற்றுவதுதான் புகைக் காகிதம். நீ புத்தகத்தில் படித்ததை நான் கையால் செய்திருக்கிறேன் தம்பி. உன் அப்பா பங்களாவில் பூச்செடிக்குத் தண்ணீர் விடப் போன ஆள், கை சுத்தம் என்று துரை அவரை அந்த மெஷினுக்கு வைத்துக்கொண்டான். காகிதத்துக்குப் புகை காட்டுவது என் வேலை. விளக்குத் திரியைத் தூக்கிவிட்டு, பளபளப்பான வெள்ளைக் காகிதத்தை அதற்கு மேலே நிறுத்தாமல் உருட்ட வேண்டும். நின்றால் கருகிவிடும், அவசரப்பட்டால் திட்டுத் திட்டாக வெள்ளை தெரியும். மறுநாள் ஊசி கிழித்த கோட்டோடு கழற்றி எடுத்து, கரி உதிராமல் இருக்க வார்னிஷில் முக்கிக் காயப்போடுவார் அவர். ஒரு தடவை என் கட்டைவிரல் தடம் காகிதத்தில் விழுந்துவிட்டது. துரை உன் அப்பாவின் கன்னத்தில் அறைந்தான். என்னை அறையவில்லை, பொம்பளை என்று மரியாதையாம். வெள்ளைக்காரன் காலம் பொற்காலம் என்று யாராவது உன்னிடம் உருகினால் இதையும் சொல்லிவை.

இந்த அறையையெல்லாம் உன் அப்பா பொருட்படுத்தவே இல்லை. அவருக்கு அந்த ஊசி போதும். சுமத்ராவில் எங்கேயாவது பூமி உடைந்தால், முதலில் ஒரு மெல்லிய நடுக்கம் வரும், அப்புறம் கொஞ்சம் இடைவெளி, அதற்குப் பிறகு பெரிய ஆட்டம். அந்த இடைவெளி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்தில் உடைந்திருக்கிறது என்று துரை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். இரவு சாப்பிடும்போது அவர் ரசத்தை விட்டுவிட்டு விரலால் பலகையில் கோடு போட்டுக் காட்டுவார். நான் தலையாட்டுவேன். உண்மையைச் சொன்னால் எனக்கு எரிச்சலாக இருக்கும், ரசம் ஆறிக்கொண்டிருக்கும். மேட்டுக்குக் கீழே மரப்பாலத்தில் ரப்பர் பால் ஏற்றிய லாரி போகும்போதும் ஊசி நடுங்கும். அது சின்னச் சின்னப் பல்லாக, சீப்பு மாதிரி விழும். அந்தச் சீப்பைப் பார்த்தால் துரைக்குப் பற்றிக்கொண்டு வரும், லாரிக்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டுவான்.

ஜப்பான்காரன் இறங்கிவிட்டான் என்று தெரிந்ததும் துரை காரில் ஏறித் தெற்கே ஓடிவிட்டான். நாய்க்கு என்ன கொடுக்க வேண்டும் என்று சொன்னான், மெஷினைப் பார்த்துக்கொள் என்றான், எங்களுக்கு என்ன வழி என்று சொல்லவில்லை. புதுசாக வந்தவர்கள் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பினார்கள். கண் தெரியாத இருட்டில் பெரட்டுக்கு நின்று பெயர் சொல்ல வேண்டும், தலை குனிவதில் தாமதம் என்றால் கன்னத்தில் விழும். ரப்பர் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டோம். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிதாகிவிட்டது. இந்தக் கூத்தில் உன் அப்பா மெஷினுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் இல்லை என்றதும் காய்ந்த ஒட்டுப்பால் ரப்பரை எரித்து அந்தப் புகையைப் பிடிக்கச் சொன்னார். நாற்றம் குடலைப் பிடுங்கும். யாருக்கு இந்தக் கோடு, எந்தத் துரை வந்து பார்க்கப் போறான் என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். "யாருமே பாக்கலன்னாலும் அது ஆடிக்கிட்டுத்தானே புள்ள இருக்கு" என்றார். நான் அடுத்த காகிதத்தை எடுத்துப் புகை காட்டினேன்.

அப்புறம் லாரி வர ஆரம்பித்தது. சயாமில் ரயில் போடுகிறார்கள், நல்ல சம்பளம், சாப்பாடு, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று எங்களை வேலை வாங்குகிற மண்டோர் முதலில் இனிக்க இனிக்கப் பேசினான். முதல் லாரியில் சிலர் நம்பி ஏறினார்கள். அவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அடுத்த லாரிக்கு யாரும் ஏறவில்லை, துப்பாக்கிக் கட்டையால் அடித்து ஏற்றினார்கள். கிணற்றடியில் நின்றவன், சவரம் பாதி செய்துகொண்டிருந்தவன் என்று அகப்பட்டவனையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். நாங்கள் குடியிருந்த லயம் மேட்டுக்கு அந்தப் பக்கம், லாரி வருவது கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் எட்டாது, வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியும். பாலத்தில் சக்கரம் ஏறியதும் ஊசி சீப்பு போடும் என்பது உன் அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அதிலிருந்து நிலவறையில் ஒரு ஆள் எப்போதும் உட்கார்ந்திருக்கும், அவர் இல்லையென்றால் நான். ஊசி சீப்புப் போட்டால் பங்களாக் குசினி அடுப்படிக்கு வெளியே என் சிவப்புச் சேலையைக் காயப்போடுவோம். லயத்து ஆண்கள் அதைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் காட்டுக்குள் போய்விடுவார்கள். லாரி வந்து, பொம்பளைகளை நாலு அறை அறைந்து, வெறுமனே திரும்பும். பல தடவை அப்படித் திரும்பியது. ஆள் கணக்கு கொடுக்க முடியாமல் மண்டோர் உதை வாங்கிக்கொண்டிருந்தான். அவனும் நம்ம ஆள்தான். அதை நினைத்து நான் இரக்கப்பட்டதே இல்லை.

ஒரு நாள் வெயில் ஏறிய நேரம், எல்லாரும் மரவள்ளிக்காட்டில் இருந்தோம், உன் அப்பா நிலவறையில். தரை வழுக்கியது. மண்வெட்டி கையில் இருக்கும்போதே கால் கீழே எதுவோ நகர்கிற மாதிரி, தலை சுற்றுகிறதோ என்று நினைத்தேன். நீ அப்போது வயிற்றில் உதைக்க ஆரம்பித்திருந்தாய், மயக்கம் என்றுதான் உட்கார்ந்தேன். வாளித் தண்ணீர் தளும்பியது. பார்த்தால் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். வேறு ஊரில் என்றால் பூகம்பம் என்றிருப்பார்கள். எங்கள் தோட்டத்தில் மாதக்கணக்காக மண் நடுங்கினால் லாரி என்று பழகி வைத்திருந்தோமே. "மண்ணே இந்த ஆட்டம் ஆடுதுன்னா எத்தன லாரி லா" என்று ஒருவன் கத்தினான். அவ்வளவுதான். ஆண் பெண் குழந்தை எல்லாம் காட்டைப் பார்த்து ஓடியது. உன் அப்பா மேட்டிலிருந்து இறங்கி ஓடிவந்து இரண்டு கையையும் விரித்துத் தடுத்தார். "லாரி இல்லப்பா, இது சுமத்ரா, கோடு பெருசா விழுந்திருக்கு, வந்து பாருங்க" என்றார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. யாரும் நிற்கவில்லை. அவரையே இடித்துத் தள்ளிவிட்டு ஓடினார்கள். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். கோடு முடியவில்லை, காகிதத்தை வார்னிஷில் முக்கிவிட்டு வருகிறேன், நீ போ என்று திரும்ப மேட்டுக்கு ஏறினார். அவரை விட்டுவிட்டு ஓட எனக்கு மனசு வரவில்லை, பின்னாலேயே போனேன்.

வேலைக்காட்டில் ஒருவரும் இல்லை என்று மண்டோர் போய்ச் சொன்னான். அதற்குத்தான் லாரி வந்தது. உருளையிலிருந்து காகிதத்தைக் கழற்றியிருந்ததால் சீப்பு எங்கள் கண்ணில் படவில்லை. நிலவறைக்கு வழி காட்டியதும் அவனே. "இதுலதான் தொரைக்குச் சேதி அனுப்புறான், இவன்தான் எல்லாத்துக்கும் தல" என்று மலாயில் சொன்னான். சிப்பாய்களுக்குத் தலைவனாக வந்தவன் ஈயக் கட்டியையும் கம்பியையும் பார்த்தான், கறுப்புக் காகிதத்தில் கோடுகளைப் பார்த்தான், ரேடியோ என்று முடிவு கட்டினான். வாளி தூக்கும் கம்பால் உன் அப்பாவை அடித்தார்கள். யாருக்குச் சேதி அனுப்பினாய் என்ற ஒரே கேள்வி. பூகம்பம் என்றார், பல் உடைந்தது. மறுபடியும் பூகம்பம் என்றார், ரப்பர் குழாயை வாயில் திணித்துத் தண்ணீர் விட்டு, வயிறு உப்பியதும் பூட்ஸ் காலோடு ஏறி நின்றார்கள். நான் பாய்ந்து ஒருவன் கையைக் கடித்தேன், சதை வாயோடு வந்தது. என்னைத் தூணில் கட்டி என் கண்ணெதிரேயே மறுபடியும் செய்தார்கள். ராத்திரி முழுவதும் அவர் முனகிக்கொண்டிருந்தார். கேட்கிற எனக்கே காது செத்துவிட்டது. நீ இதைப் படித்துக் கண்ணை மூடிக்கொள்ளாதே, நான் மூடவில்லை.

மறுநாள் காலையில் ஒரு பெரிய அதிகாரி வந்தான். கண்ணாடி போட்டவன், இளவயது, மலாய் கொஞ்சம் பேசுவான். நிலவறைக்குள் குனிந்து நுழைந்தவன் வெளியே வர நேரமாயிற்று. வந்ததும் சிப்பாய்த் தலைவனைக் கூப்பிட்டுக் கன்னத்தில் விட்டான் ஒன்று. உன் அப்பாவின் கட்டை அவிழ்த்துவிடச் சொன்னான். வார்னிஷ் போட்ட காகிதத்தைத் தரையில் விரித்து, அவர் பக்கத்திலேயே மண்ணில் குந்தினான். முதல் நடுக்கத்துக்கும் பெரிய ஆட்டத்துக்கும் நடுவில் விரலை வைத்து அளந்தான். "கெம்பா. சுமத்ரா" என்றான். கெம்பா என்றால் மலாயில் பூகம்பம், உனக்குத் தெரியும். உன் அப்பா வாயெல்லாம் ரத்தத்தோடு தலையாட்டினார். அவன் ஊரிலும் பூமி ஆடி, வீடும் வீட்டில் இருந்தவர்களும் போனார்களாம், அதற்கப்புறம்தான் இதைப் படித்தானாம். சொல்லும்போது அவன் குரல் இறங்கியது. தண்ணீர் கொடுத்தான், சிகரெட் கொடுத்தான். இரண்டு பேரும் ஒரே காகிதத்தின் மேல் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். பிழைத்துவிட்டார் என்று நினைத்தேன் தம்பி. படித்தவன் வந்தான், என் தாலி தப்பித்தது என்று அந்தத் தூணில் கட்டியபடியே கும்பிட நினைத்தேன்.

அவன் பழைய காகிதங்களையும் கேட்டான். உன் அப்பா ஒவ்வொன்றாக எடுத்து விரித்தார். வேறொருவன் அவர் கோட்டைப் பார்க்க வந்திருக்கிறான், அந்தச் சந்தோஷத்தில் வலிகூட மறந்துபோயிற்று போல. அதிகாரி சின்னச் சின்னப் பல்லாக இருந்த இடத்தைத் தொட்டு, இது என்ன என்று கேட்டான். உன் அப்பா சொல்லிவிட்டார், "லோரி." நான் கத்தினேன், கடித்ததற்காக என் வாயில் துணி அடைத்திருந்தார்கள். அதிகாரி அடுத்த காகிதத்தை எடுத்தான், அதிலும் லோரி. காகித ஓரத்தில் துரை பழக்கப்படுத்தியபடி தேதி போட்டிருந்தது. அதிகாரி அவனுடைய ஆளைக் கூப்பிட்டு எந்தெந்த நாளில் லாரி வெறுமனே திரும்பியது என்று கேட்டான். அவன் சொல்லச் சொல்ல இவன் காகிதத்தில் விரலை வைத்துக்கொண்டே போனான். முட்டாள் ஒருவன் ராத்திரி முழுவதும் அடித்தும் கிடைக்காதது இவனுக்கு உட்கார்ந்த இடத்தில் கிடைத்துவிட்டது. கோபமே படவில்லை. உன் அப்பாவின் தோளில் கை வைத்து, நல்ல வேலை, சுத்தமான வேலை என்றான். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, இவனை லாரியில் ஏற்று என்றான்.

காட்டிலிருந்து பசியோடு திரும்பி வந்தவர்களையும் வளைத்துப் பிடித்தார்கள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, உட்கார இடமில்லாமல் நிற்க வைத்து அடைத்தார்கள். அடுத்த லாரியில் அந்த மெஷின் ஏறியது. பங்களாவிலிருந்து இலவம்பஞ்சு மெத்தையைக் கொண்டுவரச் சொல்லி, ஈயக் கட்டியை நாலு பேர் பிள்ளைத்தாய்ச்சியைத் தூக்குகிற மாதிரி தூக்கி, மெத்தை மேல் படுக்க வைத்தார்கள். ஊசியை மட்டும் அதிகாரி தன் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மெஷின் ஏறிய லாரி குழியில் விழாமல் மெதுவாகப் போனது. ஆட்கள் ஏறிய லாரி அப்படிப் போகவில்லை. கட்டை அவிழ்த்துவிட்டதும் நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மண்டோரிடம் போனேன். அவன் தோள் எலும்பு உடைந்தது, வலது கை அப்புறம் தூக்க வரவில்லை. தலையைத்தான் குறிவைத்தேன். குறி தப்பியதற்கு மட்டும்தான் இன்றைக்கும் வருத்தம்.

ஜப்பான் சண்டை முடிந்த பிறகு சயாமிலிருந்து ஒருவன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். உன் அப்பா பேதியில் போனதாகச் சொன்னான், எங்கே புதைத்தோம் என்று தெரியவில்லை அக்கா, அன்றைக்கு நிறையப் பேர் என்றான். உன்னைத் தூக்கிக்கொண்டு சிரம்பானுக்கு வந்தேன், ஆஸ்பத்திரித் துணி துவைத்தேன், நீ படித்தாய். உனக்கு நான் மெஷின் கதையைச் சொன்னதே இல்லை. அப்படியிருக்க நீயாகப் போய் இதே படிப்பில் விழுந்திருக்கிறாய். எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் படிப்பு கிடையாது, ஆனால் பார்த்ததைச் சொல்லலாம். அடித்தவன் ஒன்றும் தெரியாமல் அடித்தான். கொண்டுபோனவன் எல்லாம் தெரிந்து கொண்டுபோனான். பூமிக்குள் இருப்பதைக் கேட்கத் தெரிந்தவன், பக்கத்தில் முனகுகிறவனையும் கேட்பான் என்று நம்பிவிடாதே. உன்னோடு ஒரே காகிதத்தைப் பார்த்துக் குந்துகிறவனெல்லாம் உன் கூட்டாளி ஆகிவிட மாட்டான். நீயும் நாளைக்குப் பெரிய ஆளாகி, மெஷினுக்கு மெத்தை தேடுகிற நேரத்தில் யார் கை கட்டிக் கிடக்கிறது என்று திரும்பிப் பார். உன் அப்பா மேல் எனக்குக் கோபம் உண்டு, ஓட வேண்டிய நேரத்தில் கோட்டைப் பார்த்து நின்ற மனுஷன். நீயும் நிற்பாய், உன் முகத்திலேயே எழுதியிருக்கிறது. நின்று தொலை, ஆனால் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு நில். யாராவது தோளில் கை போட்டு நல்ல வேலை என்றால், வாயைக் கொஞ்சம் மூடிக்கொள். போகாதே என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. சொன்னால் நீ போகமாட்டாய், அதுவும் தெரியும். அந்த ஆள் உன் அப்பாவையும் எடுத்தான், மெஷினையும் எடுத்தான். அவர் ஆசைப்பட்ட வேலையையும் அவனுக்கே விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

அதனால் ஏர்போர்ட்டுக்கு வருகிறேன். அழுது உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். அங்கே போனதும் முதலில் அவர்கள் மொழியைத்தான் கற்றுக்கொடுப்பார்களாம், உன் சிநேகிதன் சொன்னான். வணக்கம், நன்றி எல்லாம் மெதுவாக வரட்டும். முதல் நாளே வாத்தியாரைக் கேட்டு ஒரே ஒரு பேச்சை மனப்பாடம் செய்துகொள். உன்னை மெஷின் முன்னால் உட்கார வைத்து, இந்த வேலை உனக்கு எப்படித் தெரியும் என்று என்றைக்காவது ஒருவன் கேட்பான். எழுந்து நின்று, அவன் கண்ணைப் பார்த்து, அவன் மொழியிலேயே சொல்: "இது என் அப்பா பார்த்த வேலை, அவரை நீங்கள்தான் கொன்றீர்கள்." சொல்லிவிட்டு உட்கார்ந்து வேலையைப் பார்.

அம்மா